பூத வேட்டைக்காரரின் உதவியாள்: பவர்பாயிண்டில் நாமே செய்யும் கதை விளையாட்டு

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் காலை ஏழு மணிக்கெல்லாம் விசைத்தறிச் சத்தம் தொடங்கிவிடும். பக்கத்து வீட்டுக்காரரும் தறி ஓட்டுபவர்தான். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்காக, தவணையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து மின்சார ஒயரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, படிக்கத்தான் வாங்கிக் கொடுத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தா ராத்திரி வரை பூதத்தை வெட்டிக்கிட்டு இருக்கா. ஒயர் இனிமே தறிக்கூடத்துல என்கிட்டதான் இருக்கும்."

பின்னாலேயே மகளும் வந்தாள். அவள் விளையாடியது பூதங்களை வேட்டையாடும் ஒரு விளையாட்டு. "நான் பூதத்தை வெட்டுறதுக்காக விளையாடலை மாமா. அந்த வேட்டைக்காரர் கூடவே ஒரு சின்னப் பையன் வர்றான். மூட்டையைத் தூக்குறதும் அவன்தான், வழி பார்க்கிறதும் அவன்தான். கடைசியில பேரு மட்டும் வேட்டைக்காரருக்கு. அந்தப் பையனை வச்சு ஒரு விளையாட்டு நாமே செய்ய முடியாதா?"

"அதற்கெல்லாம் பெரிய கம்பெனிகள் வேண்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது தவறான பதில் என்று அன்று இரவே தோன்றியது. அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே பவர்பாயிண்ட் இருந்தது. அது ஒன்றே போதும். அவளோடு சேர்ந்து செய்த விளையாட்டைத்தான் இங்கே பாடமாகத் தருகிறேன். கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மாதமே ஆனவர்களும் இதைச் செய்யலாம். புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

படம் இல்லாமல் விளையாட்டா?

மானிட்டர் நிறைய வண்ணப்படங்கள் ஓடினால்தான் கம்ப்யூட்டர் விளையாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். 1976இல் அமெரிக்காவில் வில் கிரௌதர் என்ற புரோகிராமர் ஒரு விளையாட்டை எழுதினார். அதில் ஒரு படம் கூடக் கிடையாது, எல்லாமே எழுத்துதான். "நீங்கள் ஒரு குகை வாசலில் நிற்கிறீர்கள்" என்பது போன்ற வர்ணனை திரையில் வரும். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஆடுபவர் டைப் செய்ய வேண்டும். கிரௌதர் குகைகளுக்குள் போய் வரைபடம் தயாரிப்பதில் ஆர்வம் உள்ளவர். தான் நேரில் பார்த்த கென்டக்கி மாநிலத்துக் குகையையே விளையாட்டாக மாற்றினார். தன் மகள்கள் விளையாடட்டும் என்ற எண்ணமும் அதற்கு ஒரு காரணம். அடுத்த ஆண்டு டான் உட்ஸ் என்பவர் அதை விரிவாக்கினார். கொலோசல் கேவ் அட்வென்ச்சர் என்ற பெயரில் அது உலகமெங்கும் பரவியது.

படங்கள் நிறைந்த வேட்டை விளையாட்டுகளிலும் அடிப்படை இதுவேதான். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 2004இல் வெளியிட்டுத் தொடங்கிய மான்ஸ்டர் ஹன்டர் வரிசையை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் பிந்தைய விளையாட்டுகளில் வேட்டைக்காரருக்கு உதவியாக ஒரு பூனை கூடவே வரும். நிலைமையைப் பார், ஒரு முடிவு எடு, அதன் விளைவைச் சந்தி என்ற மூன்றும்தான் அங்கேயும் திரும்பத் திரும்ப நடக்கின்றன. இந்த மூன்றையும் பவர்பாயிண்ட் ஸ்லைடுகளில் செய்துவிடலாம். ஒரு ஸ்லைட் ஒரு காட்சி. அதில் உள்ள பட்டன்கள் நாம் எடுக்கும் முடிவுகள். பட்டனைக் கிளிக் செய்தால் திறக்கும் ஸ்லைட் அதன் விளைவு.

உதவியாளை நாயகி ஆக்குவதில் ஒரு லாபமும் உண்டு. வேட்டைக்காரர் நாயகன் என்றால் எல்லாக் கேள்விக்கும் "வெட்டு" என்ற ஒரே பதில்தான் வரும். உதவியாளுக்குப் பலம் கிடையாது. தடம் பார்க்க வேண்டும், காது கொடுக்க வேண்டும், யோசிக்க வேண்டும். முடிவெடுக்கும் இடங்கள் தாமாகவே கூடிவிடும்.

முதலில் பேப்பரும் பென்சிலும்

கம்ப்யூட்டரை ஆன் செய்யும் முன் ஒரு தாளில் கட்டங்கள் போட்டு எண் கொடுங்கள். எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்குப் போகலாம் என்று அம்புக்குறி போடுங்கள். எங்கள் விளையாட்டுக்கு வந்த பதினோரு கட்டங்கள் இவை. ஊரின் பெயர் புற்றூர். உதவியாளின் பெயர் கோமு, வயது பதின்மூன்று.

1. தலைப்பு: புற்றூர் வேட்டை. "தொடங்கு" என்ற பட்டன் 2க்குப் போகும்.

2. பெரியவரின் குடிசை: ஊரில் இரவு தோறும் ஆடுகள் காணாமல் போகின்றன. பூதம் வந்துவிட்டது என்கிறார்கள். "எனக்குக் கண் மங்கிடுச்சு தாயி. நீ முன்னால போய்ப் பார்த்துட்டு வா. எனக்கு வேண்டியது உன் கை இல்லை, உன் கண்ணு" என்கிறார் பெரியவர். ஒரு பொருளைத்தான் தூக்கிக்கொண்டு போக முடியும். விளக்கை எடுத்தால் 3. ஈட்டியை எடுத்தால் 4.

3. கிணற்றடி, வெளிச்சத்தில்: மணலில் இரண்டு தடங்கள் தெரிகின்றன. ஒன்று பனைமரத்தை இழுத்துக்கொண்டு போனது போல வளைந்து வளைந்து போகிறது. மற்றொன்று வண்டிச் சக்கரத் தடம், பக்கத்திலேயே ஆட்டுக் குளம்புகள். வளைந்த தடத்தில் போனால் 5. வண்டித் தடத்தில் போனால் 6.

4. கிணற்றடி, இருட்டில்: எதுவும் தெரியவில்லை. உஸ் என்று ஒரு சீறல் மட்டும் கேட்கிறது. ஈட்டியை எறிந்தால் 8. அசையாமல் நின்று கவனித்தால் 7.

5. உடைந்த புற்று: யாரோ கடப்பாரையால் புற்றை இடித்திருக்கிறார்கள். பெரிய நாகம் ஒன்று தன் முட்டைகளைச் சுற்றிக் காவல் இருக்கிறது. ஆட்டின் ரோமம் கூட அங்கே இல்லை. கொம்பு ஊதி ஊராரை அழைத்தால் 9. மெல்லப் பின்வாங்கி வண்டித் தடத்தைப் பார்த்தால் 6.

6. பழைய கொட்டடி: காணாமல் போன ஆடுகள் எல்லாம் உயிரோடு கட்டிக் கிடக்கின்றன. உள்ளே புற்று மண் ஒட்டிய கடப்பாரை இருக்கிறது, பேச்சுக் குரலும் கேட்கிறது. ஊரைக் கூட்டி வந்தால் 10. தனியாக உள்ளே நுழைந்தால் 11.

7. காத்திருத்தல்: சீறல் விலகிப் போகிறது. தடம் பார்க்க வெளிச்சம் வேண்டும் என்று கோமுவுக்குப் புரிகிறது. குடிசைக்குத் திரும்பி ஈட்டியை வைத்துவிட்டு விளக்கை எடுக்கிறாள். "கிணற்றடிக்குப் போ" என்ற பட்டன் 3க்குப் போகும்.

8. முடிவு: ஈட்டி இருட்டில் எங்கோ விழுந்தது. சீறியது எது என்று கடைசி வரை தெரியவில்லை. மறுநாளும் ஆடு போயிற்று.

9. முடிவு: ஊரார் கூடி நாகத்தை அடித்துவிட்டார்கள். மறுநாளும் ஆடு போயிற்று.

10. முடிவு: புதையல் தேடிப் புற்றை இடித்தவர்களே ஆடு திருடர்கள் என்று தெரிந்தது. ஊரார் புற்றைச் சுற்றி வேலி போட்டார்கள். பெரியவர் தன் கொம்பைக் கோமுவிடம் கொடுத்தார்.

11. முடிவு: கோமு பிடிபட்டாள். விடிந்ததும் பெரியவர் தேடி வந்து மீட்டார். திருடர்கள் ஆடுகளோடு தப்பிவிட்டார்கள்.

நான்கு முடிவுகளிலும் "மீண்டும் முயற்சி செய்" என்ற பட்டன் 2க்குத் திரும்பும். வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறுவதைப் போலத்தான் இது. நமக்குப் பழக்கமான அந்தக் கதையிலும் விக்கிரமாதித்தன் வாய் திறந்து பதில் சொன்னதும் எல்லாம் தொடங்கிய இடத்துக்கே போய்விடுகிறது. கம்ப்யூட்டர் மொழியில் இதற்கு லூப் என்று பெயர்.

கதை எங்கிருந்து வந்தது என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சங்கன், பதுமன் என்ற நாக அரசர்களின் கதை எங்கள் சங்கரநாராயணர் கோயிலின் தலபுராணத்தில் வருகிறது. இங்கே புற்று மண்ணைப் பிரசாதமாகத் தருவார்கள். பூதம் என்றவுடன் அடிப்பதை விட, ஏன் வந்தது என்று பார்ப்பதுதான் அந்தப் பெண்ணுக்குப் பிடித்திருந்தது. உங்கள் ஊரில் எந்தக் கதை இருக்கிறதோ அதை நீங்கள் எடுத்துக் கொள்ளுங்கள்.

தமிழில் டைப் செய்ய

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ் விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸ் திறந்து, டைம் அண்ட் லாங்குவேஜ் பிரிவில் லாங்குவேஜ் சென்று தமிழைச் சேர்த்திடவும். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம். பாண்ட்டுக்கு நிர்மலா யுஐ போதும். விண்டோஸ் 8 முதல் அது கூடவே வருகிறது.

டிடிபி சென்டரில் பழகியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பாமினி போன்ற பழைய பாண்ட்களில் அடித்தால் உங்கள் கம்ப்யூட்டரில் தமிழ் அழகாகத் தெரியும். அந்த பாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். யூனிகோட் தமிழில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஸ்லைடுகளைத் தயாரித்தல்

1. பவர்பாயிண்டைத் திறந்து பிளாங்க் பிரசன்டேஷன் தேர்ந்தெடுக்கவும். உடனே கன்ட்ரோல் + எஸ் அழுத்தி, புற்றூர் என்ற பெயரில் டாக்குமென்ட்ஸ் போல்டரில் சேவ் செய்திடவும். ஒரு வரி கூட அடிக்கும் முன்பே சேவ் செய்துவிட வேண்டும். இதை நான் சொல்லத் தவறினேன். இரண்டாம் நாள் மின்சாரம் போனது, ஆறு ஸ்லைடுகளும் அதோடு போயின. தவறு என்னுடையது, உழைப்பு அவளுடையது.

2. ஹோம் டேபில் லேஅவுட் என்பதைக் கிளிக் செய்து டைட்டில் ஒன்லி என்பதைத் தேர்ந்தெடுக்கவும். கன்ட்ரோல் + எம் அழுத்தினால் அடுத்த ஸ்லைட் வரும். இப்படிப் பதினோரு ஸ்லைடுகளை உருவாக்கவும்.

3. ஒவ்வொரு ஸ்லைடிலும் மேலே உள்ள தலைப்புக் கட்டத்தில் காட்சியின் பெயரைக் கட்டாயம் டைப் செய்திடவும். லிங்க் கொடுக்கும்போது இந்தத் தலைப்புகளே பட்டியலில் தெரியும். தலைப்பு இல்லையென்றால் ஸ்லைட் 5, ஸ்லைட் 6 என்று எண்கள் மட்டும் வரும். எது எந்தக் காட்சி என்று குழம்பிப் போவீர்கள்.

4. இன்சர்ட் டேபில் டெக்ஸ்ட் பாக்ஸ் தேர்ந்தெடுத்துக் காட்சியை எழுதவும். நான்கைந்து வரிகள் போதும். நீண்டால் யாரும் படிக்க மாட்டார்கள்.

5. அதே டேபில் ஷேப்ஸ் கிளிக் செய்து, முனை வளைந்த செவ்வகம் ஒன்றை வரையவும். அதன் மேல் "விளக்கை எடு" என்று டைப் செய்திடவும். இதுதான் பட்டன். இன்னொரு பட்டனுக்கு இதையே கன்ட்ரோல் + சி, கன்ட்ரோல் + வி மூலம் காப்பி செய்து எழுத்தை மாற்றிக் கொள்ளலாம்.

பட்டன்களுக்கு உயிர் கொடுத்தல்

எல்லா ஸ்லைடுகளும் தயாரான பிறகே லிங்க் கொடுக்கத் தொடங்குங்கள். போய்ச் சேர வேண்டிய ஸ்லைட் இல்லாமல் லிங்க் கொடுக்க முடியாது.

1. பட்டனின் ஓரத்தில் ஒரு முறை கிளிக் செய்து அதைத் தேர்ந்தெடுக்கவும். உள்ளே உள்ள எழுத்தைத் தேர்ந்தெடுத்தால் லிங்க் எழுத்துக்கு மட்டுமே போகும். எழுத்தின் நிறம் மாறும், அடிக்கோடும் விழும்.

2. இன்சர்ட் டேபில் ஆக்‌ஷன் என்பதைக் கிளிக் செய்திடவும். ஆக்‌ஷன் செட்டிங்ஸ் டயலாக் பாக்ஸ் கிடைக்கும்.

3. அதில் ஹைப்பர்லிங்க் டு என்ற வட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும். கீழே விரியும் பட்டியலில் ஸ்லைட் என்பதைக் கிளிக் செய்தால் உங்கள் காட்சிகளின் தலைப்புகள் வரும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்து, மீண்டும் ஓகே கொடுத்து வெளியேறவும்.

இந்தப் பட்டியலில் நெக்ஸ்ட் ஸ்லைட் என்றும் ஒன்று இருக்கும். அதைத் தவிர்க்கவும். பின்னர் ஸ்லைடுகளின் வரிசையை மாற்றினால் அது வேறு காட்சிக்குப் போய்விடும். ஸ்லைடின் பெயரைச் சொல்லிக் கொடுத்த லிங்க், அந்த ஸ்லைட் எங்கே நகர்ந்தாலும் கூடவே போகும்.

எங்கள் வரைபடத்தில் இரண்டு பட்டன் உள்ள ஸ்லைடுகள் ஐந்து, ஒரு பட்டன் உள்ளவை ஆறு. ஆக மொத்தம் 16 லிங்க். எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் கொடுத்ததும் தாளில் அந்த அம்புக்குறிக்கு ஒரு டிக் போடுங்கள்.

குறுக்கு வழியை அடைத்தல்

இப்போது எப்5 கீயைத் தட்டினால் விளையாட்டு ஓடும். ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது. பட்டனைத் தொடாமல் வெறும் இடத்தில் கிளிக் செய்தாலும் அடுத்த ஸ்லைட் வந்துவிடும். அப்படியே கிளிக் செய்துகொண்டு போனால் எல்லா முடிவுகளும் வெளியே வந்துவிடும்.

இதை அடைக்க, ஸ்லைட் ஷோ டேபில் செட் அப் ஸ்லைட் ஷோ கிளிக் செய்திடவும். கிடைக்கும் விண்டோவில் பிரவுஸ்டு அட் எ கியோஸ்க் என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுக்கவும். இனி பட்டன்கள் மட்டுமே வேலை செய்யும். ஆட்டத்திலிருந்து வெளியேற எஸ்கேப் கீயைத் தட்டவும்.

எம்எஸ் ஆபீஸ் இல்லாதவர்களுக்கு

லிபர்ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பில் உள்ள இம்ப்ரெஸ் மூலமும் இதைச் செய்யலாம். இடது பக்க ஸ்லைட் மீது ரைட் கிளிக் செய்து ரீநேம் ஸ்லைட் மூலம் பெயர் கொடுங்கள். பட்டன் மீது ரைட் கிளிக் செய்து இன்டராக்‌ஷன் தேர்ந்தெடுங்கள். கோ டு பேஜ் ஆர் ஆப்ஜெக்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஸ்லைடுகளின் பட்டியல் வரும். ஸ்லைட் ஷோ செட்டிங்ஸ் உள்ளே, பின்னணியைக் கிளிக் செய்தால் ஸ்லைட் மாறும் என்ற வரிக்கு எதிரே உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

சோதித்துப் பார்த்தல்

விளையாட்டுத் தயாரிப்பில் பாதி வேலை இதுதான். தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகவும் போய்ப் பாருங்கள். எங்களுக்கு வந்த பிழைகள் இரண்டு. காப்பி செய்த பட்டன் பழைய லிங்க்கையும் சேர்த்துக்கொண்டு வந்துவிட்டது. எழுத்து "ஈட்டியை எடு", ஆனால் போனது விளக்குக் காட்சிக்கு. அடுத்து, ஒரு ஸ்லைடை வேண்டாம் என்று அழித்தோம். அதற்கு வந்த லிங்க் அந்தரத்தில் நின்றது.

எழுதியவரே சோதித்தால் போதாது. கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்து, எதுவும் சொல்லாமல் பின்னால் நின்று பாருங்கள். எங்கே தயங்குகிறார் என்று தெரியும்.

நினைவு இல்லாத விளையாட்டு

பவர்பாயிண்டுக்கு ஒரு குறை உண்டு. கோமுவின் கையில் இருப்பது விளக்கா ஈட்டியா என்று அது நினைவில் வைத்துக்கொள்ளாது. அதனால்தான் ஒரே கிணற்றடியை நாங்கள் இரண்டு ஸ்லைடுகளாகச் செய்தோம். வெளிச்சக் கிணற்றடி ஒன்று, இருட்டுக் கிணற்றடி ஒன்று. எந்த ஸ்லைடில் நிற்கிறோம் என்பதே கையில் என்ன இருக்கிறது என்பதற்குச் சாட்சி. ஏழாவது ஸ்லைடில் கோமு ஈட்டியை வைத்துவிட்டு விளக்கை எடுப்பதும் இதற்காகத்தான். அப்படிச் செய்யாமல் 3க்கு அனுப்பினால், ஈட்டியோடு போனவள் கையில் திடீரென்று விளக்கு முளைத்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் தனி ஸ்லைட் போட்டுக்கொண்டே போனால் என்ன ஆகும்? ஒவ்வொரு இடத்திலும் இரண்டு வழி, எந்த வழியும் மீண்டும் சேராது என்று வைத்துக் கொள்வோம். மூன்று முடிவெடுத்தால் 8 முடிவுக் காட்சிகள் வேண்டும். ஐந்துக்கு 32. பத்துக்கு 1024. வாழ்நாள் முழுக்க ஸ்லைட் செய்துகொண்டே இருக்க வேண்டியதுதான். அதனால் பிரிந்த வழிகளை ஆங்காங்கே மீண்டும் சேர்த்துவிட வேண்டும். எங்கள் வரைபடத்தில் 3, 6 ஆகிய இரண்டும் அப்படிச் சேரும் இடங்கள்.

பிற்காலத்தில் நீங்கள் புரோகிராமிங் கற்றால், "கையில் விளக்கு இருக்கிறதா" என்ற ஒரு விஷயத்தைச் சேமிக்க வேரியபிள் என்ற ஒன்றைப் பயன்படுத்துவீர்கள். பத்து ஸ்லைடில் செய்யும் வேலையை அது ஒரு வரியில் முடித்துவிடும். ஸ்லைட் போட்டுக் கஷ்டப்பட்டவருக்கு வேரியபிளின் அருமை உடனே புரியும். கிறிஸ் கிளிமாஸ் 2009இல் வெளியிட்ட ட்வைன் என்ற இலவச சாப்ட்வேர் இத்தகைய கிளைக் கதைகளுக்கென்றே வந்தது. அதில் வேரியபிளும் உண்டு. இந்தப் பாடம் கை வந்த பிறகு அதற்குப் போகலாம்.

துப்புக் கொடுத்த பிறகே கேள்வி

இடது பக்கமா வலது பக்கமா என்று சும்மா கேட்டால் அது காசு சுண்டிப் பார்ப்பது போலத்தான். ஆடுபவர் யோசித்து முடிவெடுக்க ஏதாவது ஒரு துப்பு முன்பே இருக்க வேண்டும். "எனக்கு வேண்டியது உன் கண்ணு" என்று பெரியவர் சொல்வது விளக்குக்கான துப்பு. ஆட்டின் ரோமம் கூட இல்லை என்பது நாகம் குற்றவாளி இல்லை என்பதற்கான துப்பு. தோற்றவர் திரும்பிப் பார்த்து, "அட, முன்னாலேயே சொல்லியிருக்கிறதே" என்று நினைத்தால் அது நல்ல விளையாட்டு.

தடம் பார்ப்பதை நிஜத்தில் தொழிலாகக் கொண்டவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்கி வருகிறது. மருந்துக்காக விஷத்தை எடுத்துக்கொண்டு, பாம்பை மீண்டும் காட்டில் விட்டுவிடுவார்கள். இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, உள்ளூர் விலங்குகளை விழுங்கிக் கொண்டிருந்தன. கண்ணில் எளிதில் படாத அந்தப் பாம்புகளில், தங்கள் பார்வையாலும் தடம் அறியும் திறமையாலும் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். அதில் ஒன்று 16 அடி நீளம். இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இதைச் சொன்னதும் அந்தப் பெண் மூன்றாவது ஸ்லைடைத் திருத்தி எழுதினாள். தடத்தின் வர்ணனை அதன் பிறகுதான் தெளிவானது.

நண்பர்களுக்குக் கொடுக்க

சேவ் அஸ் சென்று, சேவ் அஸ் டைப் என்ற இடத்தில் பவர்பாயிண்ட் ஷோ என்பதைத் தேர்ந்தெடுத்து இன்னொரு காப்பி எடுக்கவும். அதை டபுள் கிளிக் செய்தால் நேரே விளையாட்டு தொடங்கும். திருத்துவதற்கான மூலப் பைலை நீங்கள் தனியே வைத்துக் கொள்ளுங்கள். பென் டிரைவில் ஒரு காப்பியும் இருக்கட்டும்.

ஒரு பாதுகாப்புக் குறிப்பு. நாம் செய்த விளையாட்டில் மேக்ரோ எதுவும் இல்லை. திறக்கும்போது மேக்ரோவை இயக்க அது உங்களிடம் அனுமதி கேட்காது. வேறு யாரோ அனுப்பிய "விளையாட்டு" எனேபிள் கன்டென்ட் கிளிக் செய்யச் சொன்னால், அனுப்பியவரைக் கேட்காமல் கிளிக் செய்யாதீர்கள். வைரஸ்கள் அந்த வழியாகவும் வருகின்றன.

ஒயர் என்ன ஆனது?

விளையாட்டு முடிந்த அன்று மாலை, அந்தப் பெண் அப்பாவைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தாள். ஒயரை அவரே கொண்டு வந்து மாட்டினார். இரண்டாவது ஸ்லைடைப் படிக்கவே இல்லை. நேரே ஈட்டியை எடுத்தார், எறிந்தார், தோற்றார்.

"என்னம்மா இது, ஒண்ணுமே தெரியலையே?"

"படிச்சுப் பாருங்கப்பா. பெரியவர் முதல்லயே சொல்லியிருக்காரு."

இரண்டாம் முறை விளக்கை எடுத்தார். ஐந்தாவது ஸ்லைடில் வெகு நேரம் நின்றார். கொம்பு ஊதாமல் பின்வாங்கினார். பத்தாவது ஸ்லைட் வந்ததும் என் பக்கம் திரும்பி, "இதை இவளே எழுதினாளா அண்ணாச்சி?" என்று கேட்டார். பதினாறு லிங்க்கும் அவள் கொடுத்தவைதான் என்றேன். அதன் பிறகு ஒயர் தறிக்கூடத்துக்குப் போகவில்லை. பரீட்சை மாதத்தில் மட்டும் பீரோவில் இருக்கும் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் செய்து பார்க்க

1. எட்டாவது ஸ்லைட் சீக்கிரமே முடிந்துவிடுகிறது. அதை முடிவாக இல்லாமல், இன்னும் ஒரு வாய்ப்புத் தரும் காட்சியாக மாற்றுங்கள். எத்தனை புதிய லிங்க் வேண்டும் என்று முதலில் தாளில் கணக்கிடுங்கள்.

2. கோமு கொம்பையும் கூடவே எடுத்துப் போகலாமா வேண்டாமா என்று இரண்டாவது ஸ்லைடுக்குப் பிறகு ஒரு கேள்வி சேர்த்தால், எந்தெந்த ஸ்லைடுகளை இரண்டாக்க வேண்டியிருக்கும் என்று கண்டுபிடியுங்கள்.

3. உங்கள் ஊர்க் கதை ஒன்றை எடுத்து ஏழு ஸ்லைடுகளுக்குள் ஒரு விளையாட்டு செய்து, வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரை ஆட வையுங்கள். அவர் எந்த இடத்தில் தயங்கினார் என்று குறித்துக்கொண்டு, அந்த ஸ்லைடை முதலில் திருத்துங்கள்.